முகதாட்சண்யம்

"வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஒரு நாடு பிழைத்திருக்கும். செண்பகவல்லிக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் வராத வார்த்தை அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

கோவில்பட்டிக்காரி. அங்கே ஒரு பெண்கள் கல்லூரி விடுதிக்குக் காப்பாளராக இருந்தவள். ஜூன் மாதம் பெற்றோர்கள் பெட்டியும் வாளியுமாக மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலைத் தாண்ட மனமில்லாமல் நிற்பார்கள். "நான் பாத்துக்கிடுதேன், நீங்க நிம்மதியாப் போங்க" என்பாள். சொன்னபடி பார்த்தும்கொள்வாள். டைபாய்டில் விழுந்த ஒரு பெண்ணுக்காக ஆஸ்பத்திரித் தரையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்திருக்கிறாள். சொன்ன சொல் தவறாத அம்மா என்று ஊரில் பேர்.

அந்தப் பேருக்குப் பின்னால் இருந்த சங்கதி அவளுக்கு மட்டும்தான் தெரியும். எதிரில் நிற்கிற முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்ல அவளால் ஆகாது. வாசலில் மூட்டையை இறக்கிய புடவைக்காரரிடம் சொல்ல முடியாமல் பீரோ கொள்ளாத புடவை. கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை பரிமாற வந்தவரிடம் இலையை மறைக்கத் தெரியாமல் வயிற்றுவலி. இதற்கு முகதாட்சண்யம் என்று பேர். பெரிய குணம் ஒன்றுமில்லை, நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. ஆனால் நம்மில் யாரையும் நம்பி ஒரு தேசத்தை ஒப்படைக்கவில்லை. அவளை நம்பி ஒப்படைத்தார்கள்.

ஒப்படைத்தது தென்கடல் கூட்டமைப்பு. நம்முடையதும் இன்னும் சில நாடுகளும் சேர்ந்து அமைத்துக்கொண்டது. அவர்களுடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய், ஆயிரக்கணக்கானவர்களின் தலையில் ஒரு தொப்பியை மாட்டி, "இதைச் செய்வீர்களா, அதைச் செய்வீர்களா" என்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கல்லூரிக்கும் வந்தார்கள். எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள், இவளும் மாட்டிக்கொண்டாள். அடுத்த மாதமே மீரான் என்ற பொறியாளர் அவளைத் தேடிக்கொண்டு விடுதிக்கே வந்துவிட்டான். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், காயல்பட்டினத்துக்காரன். பங்குனி வெயிலில் வந்தவனுக்கு அவள் மோர் கொடுத்தாள்.

"கூட்டமைப்புகிட்ட அணுகுண்டு இருக்கு மேடம். எதிரணிகிட்டயும் இருக்கு. அவன் சென்னையில போட்டா நாம அவனோட வெரினா நகரத்துல போடுவோம். அதனால ரெண்டு பேரும் சும்மா இருக்கோம். இது வரைக்கும் சரி. ஆனா சலங்கைத் தீவுகள்ல குண்டு கிடையாது. 'உங்க மேல எவனாவது கை வச்சா, உங்களுக்காக நாங்க போடுவோம்'னு நாம எழுதிக் கொடுத்திருக்கோம்."

"எழுதிக் கொடுத்தா போட வேண்டியதுதான?"

"போட்டா அவன் திரும்ப சென்னையில போடுவான். ஒரு லட்சம் பேர் இருக்கிற தீவுக்காக எவனாவது சென்னையைப் பறிகொடுப்பானா? எதிரணி நம்பல. தீவுக்காரங்களும் நம்பல. நம்பாத வரைக்கும் அந்தக் காகிதத்துல ஊறுகாய்தான் மடிக்கலாம்."

"தலைவருங்க போயி சத்தியம் பண்ணலாம்லா?"

மீரான் சிரித்தான். "பண்ணாங்க. உங்க தலையில மாட்டினோமே அந்தத் தொப்பி, உறுதிமானி, அதை மாட்டிக்கிட்டுத்தான் பண்ணாங்க. முள்ளு ஒரு இடத்துல நிக்கல மேடம். நெசமாச் சொல்றோமா சும்மா சொல்றோமான்னு அவங்களுக்கே தெரியல."

"அப்ப இது பொய்யக் கண்டுபிடிக்கிற மிஷினா?"

"இல்ல. ஒருத்தர் 'செய்வேன்'னு சொல்றப்ப, அதைச் செய்ய அவங்க உடம்பும் மனசும் எந்திரிச்சு நிக்குதான்னு பாக்கும். உங்களுக்கு நின்ன மாதிரி நாங்க யாருக்கும் பாக்கல."

மீதியையும் அவனே சொன்னான். தலைவர்கள் கையில் இருக்கும் வரை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால், சலங்கைத் தீவுகளுக்காகக் குண்டு போடும் அதிகாரத்தைத் தலைவர்களிடமிருந்தே பிடுங்கி ஒரு தனி ஆளிடம் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. அந்த ஆளுக்குப் பிணையாளர் என்று பேர். தீவைப் பிடித்தால் வெரினாவை அழிக்கச் சொல்லி உத்தரவிடுவது பிணையாளர் ஒருவர்தான், வேறு யாரும் தடுக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு தரப்பும் பார்க்க உறுதிமானியை மாட்டி அளப்பார்கள். அந்த எண்ணை உலகத்துக்கே அறிவிப்பார்கள். அறுபதுக்கு மேல் இருக்கும் வரை எதிரணி தீவுப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அறுபதுக்குக் கீழே இறங்கினால் அதிகாரம் அந்த நிமிடமே ரத்து. வேறு ஆளைத் தேடி அமர்த்த மாதக்கணக்கில் ஆகும்.

விடுதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஒன்று, இது வேறொன்று. முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் செண்பகவல்லி நிமிர்ந்தாள். மீரான் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிப்பா," என்றாள்.

அளவெடுப்பது தீவில்தான் நடக்க வேண்டும் என்று தீவுக்காரர்கள் கேட்டு வாங்கியிருந்தார்கள். தங்களுக்காக வாக்குக் கொடுக்கிற முகத்தைத் தாங்கள் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்தக் காலத்தில் தென்னந்தோப்பு வேலைக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வம்சம். தமிழ் பேசினார்கள், தை மாதம் பொங்கல் வைத்தார்கள். நாடு என்று சொல்ல ஒரு துறைமுகம், ஒரு சந்தை, ஒரு பெரிய பள்ளிக்கூடம்.

முதல் வருஷம் போய் இறங்கியதும், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, விருந்தினர் மாளிகை அறையிலேயே காலையில் ஒரு தரம் மீரான் மாட்டிப் பார்த்தான். முப்பத்தொன்று காட்டியது. இரண்டாம் தரமும் அதேதான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"உப்புக்காத்து மேடம். கருவி படுத்துது," என்றான்.

மத்தியானம் மாளிகையிலேயே சாப்பிடக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவள் பெயர் ரூபவதி. நாற்பது வயதுக்காரி, சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். தேங்காய்ப்பால் ஊற்றின மீன்குழம்பு, சீமைப்பலா வறுவல், இறால் ஊறுகாய். எதிரே நின்றுகொண்டு, இலை காலியாகவிடாமல் பரிமாறினாள்.

"நீங்க வந்த பிறகுதான் அக்கா இந்த ஊர்ல ராத்திரி தூங்கப்போறோம்," என்றாள். "எங்க வீட்டுக்காரர் துறைமுகத்துல கப்பலுக்கு வழிகாட்டுற பைலட். வடக்குப் பக்கம் விளக்குத் தெரிஞ்சாலே அவருக்குத் தூக்கம் போயிரும். இன்னொரு துண்டு மீன் வைக்கட்டுமா?"

சாப்பிட்ட கை காய்வதற்குள் தொப்பியை மாட்டினார்கள். தீவு மந்திரிகள் ஒரு பக்கம், சுவரோரம் எதிரணியின் கண்காணிப்பாளர், வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு ரூபவதி.

"சலங்கைத் தீவுகள் கைப்பற்றப்பட்டால் வெரினா நகரத்தின் மேல் அணுகுண்டு வீச உத்தரவிடுவீர்களா?"

செண்பகவல்லி ரூபவதியைப் பார்த்தாள்.

"உத்தரவிடுவேன்."

எண்பத்தெட்டு. தீவு முழுக்க வெடி போட்டார்கள்.

அடுத்த வருஷம் அவளாகவே, "சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சுக்கிடலாமே" என்றாள். அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. வருஷத்துக்கு வருஷம் எண் எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை. செய்தித்தாள்கள் அவளை எஃகு மனசுக்காரி என்று எழுதின. எஃகாவது ஒன்றாவது. வெரினா என்ற ஊரை அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வரைபடத்தில் வடக்கே ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற யோசனை எட்டிப்பார்க்கும்போதெல்லாம், அவள் ரூபவதியின் முகத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வாள்.

மூன்றாம் வருஷம் திரும்பி வரும்போது படகில் மீரான் பேச்சை எடுத்தான்.

"மேடம், கருவியில ஒரு கோளாறும் இல்ல."

"தெரியும்."

"காலையில உங்க ரூம்ல எடுத்தா முப்பது. அந்தம்மா எதிர்ல நின்னா தொண்ணூறு. உத்தரவு போடுற அன்னைக்கி அந்தம்மா உங்க பக்கத்துல இருக்க மாட்டாங்க. நீங்க ஏதோ ஒரு ரூம்ல தனியா இருப்பீங்க. சொல்லிடலாமா?"

"யாருகிட்டச் சொல்ல?" செண்பகவல்லி கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "கூட்டமைப்புல சொன்னா நாளைக்கே அவளுக்குத் தெரிஞ்சிரும். 'உன்கிட்டக் குடுத்த வாக்கு ஒண்ணுக்கும் ஆகாது'ன்னு அவ மொகத்தப் பாத்து எப்படிச் சொல்லுவேன், மீரான்?"

மீரானும் சொல்லவில்லை. அவன் மடியிலும் ரூபவதி கட்டிக்கொடுத்த இறால் ஊறுகாய் ஒரு தூக்கு நிறைய இருந்தது. அந்த ஊறுகாயோடு சேர்த்து விஷயத்தையும் விழுங்கிவிட்டார்கள் இரண்டு பேரும். உலகமே நம்புகிறது, எதிரணி ஒதுங்கியிருக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று தங்களைத் தாங்களே சமாதானப்படுத்திக்கொண்டார்கள். கூசத்தான் செய்தது. கூச்சம் பழகிவிட்டது.

பதினோராம் வருஷ விருந்து முடிந்து சில மாதங்களில் எதிரணியின் கப்பல்கள் வந்து தீவுகளைச் சுற்றி நின்றன. சுடவில்லை, இறங்கவில்லை, நின்றன. கூடவே ஒரு கோரிக்கை வந்தது. சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு தரம் அளக்கச் சொல்ல ஒப்பந்தத்தில் இடமுண்டு. பொது இடத்தில், தீவுக்காரர்கள் யாரும் இல்லாமல், இரு அணிக்கும் சேராத ஒரு நாட்டின் துறைமுக நகரத்தில் அளக்க வேண்டும். எண் அறுபதைத் தாண்டினால் கப்பல்கள் திரும்பிப் போய்விடும்.

தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

புறப்படும் முன் ரூபவதி தொலைபேசியில் பேசினாள். "பயமா இருக்கு அக்கா. ஆனா நீங்க இருக்கீங்க," என்றாள். செண்பகவல்லி வழியெல்லாம் அந்தக் குரலையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டு போனாள். மீன்குழம்பின் வாசனையை நினைத்தாள். நிலைப்படியில் சாய்ந்து நிற்பாளே, அந்த நிற்பை நினைத்தாள். விமானத்தில் மீரான் ரகசியமாக ஒரு தரம் மாட்டிப் பார்த்தான். அறுபத்தாறு.

"இது போதும் மேடம். இதே நெனப்புல இருங்க. யாருகிட்டயும் பேசாதீங்க," என்றான்.

ஹோட்டலில் ஒரு சின்னக் கூட்ட அறை. உறுதிமானி சூடேற நேரம் பிடிக்கும். எதிரணியின் பழைய கண்காணிப்பாளர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்திருந்தவர் கதவைத் தட்டிவிட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, காதோரம் நரை. தோளில் ஒரு துணிப்பை.

"நல்லா இருக்கியளா அக்கா?" என்றார்.

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரி வாயில் தூத்துக்குடிப் பேச்சு.

"எம் பேரு அருமைநாதன். எங்கப்பா தூத்துக்குடி. கப்பல்ல இன்ஜினியரா இருந்தாக. வெரினாவுல இறங்கி அங்கயே தங்கிட்டாக. நான் பொறந்தது அங்கதான், இருந்தாலும் வீட்டுல இந்தப் பேச்சுதான்." அவர் அவளை நேராகப் பார்க்காமல் பேசினார். "நீங்க கோவில்பட்டின்னு சொன்னாக."

மீரான் தொண்டையைச் செருமினான். அருமைநாதன் துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டு எவர்சில்வர் டம்ளர்.

"சுக்குத் தேயிலை. எம் பொஞ்சாதி போட்டுக் குடுத்தா. கோவில்பட்டி அக்கா ஒருத்தகளப் பாக்கப் போறேன்னு சொன்னேன். அப்படின்னா இதக் கொண்டு போங்கன்னுட்டா."

"மேடம், வேண்டாம்," என்றான் மீரான், மெதுவாக.

அவனுக்குச் சொல்ல முடிந்தது. அவனிடம் அந்த டம்ளரை யாரும் நீட்டவில்லையே. செண்பகவல்லியிடம் நீட்டப்பட்டிருந்தது. ஆவி பறந்தது. யாரோ ஒரு பெண் விடியக்காலையில் எழுந்து சுக்குத் தட்டிப் போட்ட தேநீர். இதை வேண்டாம் என்றால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்?

வாங்கிக்கொண்டாள்.

நல்ல தேநீர். அதுதான் கொடுமை. கருப்பட்டி போட்டிருந்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டு எதிரே இருக்கிறவரிடம் ஒன்றும் விசாரிக்காமல் இருக்க முடியுமா? ஐம்பத்தெட்டு வருஷப் பழக்கம் அவளைக் கேட்காமலே வாயைத் திறந்தது.

"பிள்ளைக எத்தன?"

அருமைநாதன் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லையோ, அல்லது அதற்காகத்தான் காத்திருந்து, கேட்டதும் கூசிப்போனாரோ, தெரியாது.

"ரெண்டும் பொட்டப்பிள்ள. பெரியவ காலேஜ் சேர்ந்திருக்கா. விடுதில விட்டுட்டு வந்தோம்," என்றார். "அவ அம்மாதான் வாசலத் தாண்ட மாட்டேன்னு நின்னா."

"எந்த ஊரு காலேஜு?"

"வெரினாதான். நகரத்துக்கு அந்தப் பக்கம்."

மீரான் எழுந்து நின்றுவிட்டான். "கருவி தயார் மேடம்," என்றான்.

தொப்பியை மாட்டினார்கள். செண்பகவல்லி கண்ணை மூடினாள். மூடக்கூடாது என்பது விதி, திறக்கச் சொன்னார்கள். திறந்தால் எதிரே அருமைநாதன், மடியில் காலி டம்ளர். ரூபவதியைக் கொண்டுவந்து நிறுத்தப் பார்த்தாள். வந்தாள், நிலைப்படியில் சாய்ந்து நின்றாள், ஆனால் தூரத்தில் நின்றாள். கிட்டத்தில் இருந்தது இந்த முகம்தான். அந்தக் கறுப்புப் புள்ளிக்குள் ஒரு விடுதி வாசல் தெரிந்தது. பெட்டியும் வாளியுமாக ஒரு பெண், தாண்ட மாட்டேன் என்று நிற்கிற ஒரு தாய், "நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டு யாரோ ஒரு காப்பாளர்.

"உத்தரவிடுவீர்களா?"

"உத்தரவிடுவேன்," என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. விடுதி வாசலில் சொல்லிப் பழகிய அதே கணீர்க் குரல்.

பத்தொன்பது.

மீரான் எண்ணை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அருமைநாதன் சிரிக்கவில்லை. இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய், மூலையிலிருந்த குழாயில் கழுவினார். கழுவினதையே திரும்பத் திரும்பக் கழுவினார். போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்றார்.

"மன்னிச்சிருங்கக்கா. என்னைய இதுக்குத்தான் அனுப்பிச்சாக," என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் கப்பல்கள் தீவின் துறைமுகத்துக்குள் நுழைந்தன. ஒரு குண்டு வெடிக்கவில்லை. கப்பலுக்கு வழிகாட்டுகிறவர்களை மட்டும் முதலில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று செய்தி வந்தது.

செண்பகவல்லி சென்னையில் மகள் கோமதி வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். ஊர் தூற்றும் என்று நினைத்திருந்தாள். தூற்றியிருந்தால் தாங்கியிருப்பாள். ஊர் கும்பிட்டது. கோமதி கட்டிப்பிடித்துக்கொண்டு, "நல்லவேள, ஒனக்கு மனசு வரலம்மா. நாங்க பொழைச்சோம்," என்று அழுதாள். குடியிருப்போர் சங்கத்தில் விழா எடுத்து, நம் பிள்ளைகளைக் காத்த தாய் என்று பேசி, பொன்னாடை கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் மேடைக்குப் போனாள். தலைவரின் மனைவி ஆசையாகப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அதைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் எறிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எதற்காக வெட்கப்படுவது என்பதிலும் அவளுக்குத் தெளிவில்லை. கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டதற்கா? இல்லை, ஒரு மீன்குழம்புக்காக ஒரு நகரத்தைக் கொளுத்துவேன் என்று பதினோரு வருஷம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கா? ஒன்றை நினைத்தால் இன்னொன்று முன்னால் வந்து நின்றது. இரண்டிலும் அவள் தானாக ஒன்றும் முடிவு செய்யவில்லை. எதிரே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

தீவிலிருந்து படகேறி வந்தவர்களைத் தாம்பரத்துக்கு அப்பால் முகாமில் தங்கவைத்திருந்தார்கள். ரூபவதியும் அங்கே இருக்கிறாள், தனியாக வந்திருக்கிறாள், கணவனைப் பற்றி இன்னும் தகவலில்லை என்று மீரான் வந்து சொன்னான். அவன் வேலையை விட்டிருந்தான்.

"ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடுங்க மேடம்."

"போவணும்," என்றாள். போகவில்லை. போர்வையும் அரிசியும் அவனிடமே கொடுத்தனுப்பினாள். யார் கொடுத்தது என்று சொல்லாதே என்றாள்.

ஒரு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. கோமதி அலுவலகம் போயிருந்தாள். கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ரூபவதி. செண்பகவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். ஆள் இல்லை என்று நினைத்துப் போய்விடட்டும் என்று நின்றாள். மணி இரண்டாம் தரம் அடிக்கவில்லை.

"அக்கா, நிழல் தெரியுது," என்றாள் ரூபவதி வெளியிலிருந்து.

திறந்தாள்.

ரூபவதி இளைத்திருந்தாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்காரவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சண்டை போட வரல. ஒரே ஒரு விஷயம் கேக்கணும். முகாம்ல எல்லாருக்கும் அதுதான் பேச்சு," என்றாள். "அந்த ஆளு உங்களுக்கு என்ன குடுத்தான்?"

"டீ," என்றாள் செண்பகவல்லி.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. பிள்ளைகளப் பத்திச் சொன்னாரு. அதுவும் நான் கேட்டதுக்குத்தான்."

"ஒரு டீ," என்றாள் ரூபவதி. "நாங்க பதினோரு வருஷம் விருந்து வச்சோம்."

"ஒனக்கு..."

"தெரியும்க்கா. முதல் வருஷமே தெரியும். மீரான் தம்பி காலையில எடுத்துப் பாத்ததை எங்க ஆளுங்களும் பாத்தாங்க, முப்பத்தொண்ணுன்னு. மந்திரிங்க தலையில கை வச்சுட்டாங்க. நான் அப்ப தபாலாபீஸ்ல வேலை பாத்துக்கிட்டிருந்தேன். ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாங்க. உன்னைப் பாத்தா யாருக்கும் இல்லைன்னு சொல்ல வராது, நீ போய்ப் பரிமாறுன்னாங்க. பிறகு அதுவே எனக்கு வேலையாயிடுச்சு." மேஜைத் துணியின் சுருக்கத்தை விரலால் நீவினாள். "முதல்ல நடிச்சேன். அப்புறம் நடிக்கல. அதை நீங்க நம்பணும்னு இல்ல."

"நம்புதேன்."

"சுவத்தோரமா நின்னானே ஒருத்தன், எங்களுக்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரியாம இருக்குமா? வருஷா வருஷம் வந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தான். அவங்களும் ஒரு ஆளைத் தேடிப் புடிச்சிருக்காங்க." நிறுத்தினாள். "வெரினாவுல எத்தனை பேர் இருக்காங்கன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லக்கா. அந்த ஊரை உங்களை எரிக்க வைக்கத்தான் ஒவ்வொரு கரண்டியும் ஊத்தினேன். ராத்திரி படுத்தா அது வருது. அப்புறம் எங்க வீட்டுக்காரர் ஞாபகம் வருது. வந்தா, எரிச்சிருந்தாத்தான் என்னன்னு தோணுது."

செண்பகவல்லிக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சர்க்கரை சிந்தியது. டம்ளரைத் துடைத்து, தேநீரை ஆற்றி, இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து ரூபவதியிடம் நீட்டினாள். முதல் முறையாக இந்தப் பக்கம் நின்று நீட்டுகிறாள். வாங்கிவிட மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்தாள்.

ரூபவதி டம்ளரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா," என்றாள். "இதைக் குடிச்சிட்டா உங்களை மன்னிக்க வேண்டி வந்துடும்."

கோபமாகச் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து மெல்லப் படியிறங்கிப் போனாள். செண்பகவல்லி டம்ளரோடு வாசலிலேயே நின்றாள். அந்த வார்த்தையை அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.